இது இப்போ உள்ள தண்ணியா, அப்போ உள்ள தண்ணியா?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தது இது. ஆபீஸ்ல ரியல்டைம் ரியல்டைம்னு, அதாவது நடக்கற நிலவரத்த அப்பப்பவே ஸ்கிரீன்ல காட்டற டாஷ்போர்டு, நாலு வருஷமா கட்டிக்கிட்டு இருக்கேன், ஆனா அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குப் புரிய வச்சது எங்க வீட்டு மொட்டை மாடில இருக்கற தண்ணித் தொட்டிதான்.

வீடு ராஜபாளையத்துல, நான் இருக்கறது சென்னைல. ஊர்ல குழாய்த்தண்ணி வர்ற அன்னிக்கு கீழ சம்புல விழும், அங்கருந்து ஒரு ஹெச்பி மோட்டார் போட்டு மாடில இருக்கற ஆயிரம் லிட்டர் கருப்பு டேங்குக்கு ஏத்தணும். டேங்குல எவ்ளோ இருக்குன்னு பாக்க அப்பா மூடியத் தொறக்கவே மாட்டாரு, விரல் முட்டியால மேலருந்து கீழ தட்டிக்கிட்டே வருவாரு, சத்தம் எங்க டம்முன்னு மாறுதோ அங்க நிறுத்தி "முக்கா இருக்கு"ன்னுவாரு. சரியா முக்கா இருக்கும். ஒரு ரூபா செலவில்லாத சென்சார். ஆனா முழங்கால் வலி வந்தப்பறம் டாக்டர் ஏணிப் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாரு, அதுக்கப்பறம் வீட்ல யாருக்கும் தண்ணி மட்டம் தெரியல, ஓவர்ஃப்ளோ ஆகி பக்கத்து சந்துல ஊத்தற சத்தம் கேட்டாதான் நிறைஞ்சதுன்னு தெரியும், குழாய்ல காத்து வந்தாதான் காலின்னு தெரியும். நாம என்ன வேலை பாக்கறோம், இத பண்ண முடியாதான்னு ஒரு வீராப்புல ரிச்சி ஸ்ட்ரீட் போயி ஒரு நோட்எம்சியூ போர்டும் (வைஃபை உள்ள குட்டி கம்ப்யூட்டர்) ஒரு அல்ட்ராசோனிக் சென்சாரும் வாங்கிட்டு வந்தேன். ரெண்டும் சேர்த்து ஐநூறு ரூபாக்குள்ளதான்.

சென்சார் வேலை சுலபம். டேங்க் மூடில கீழ பாத்த மாதிரி மாட்டணும், அது காதுக்குக் கேக்காத ஒரு சத்தத்த விடும், தண்ணில பட்டு திரும்பி வர எவ்ளோ நேரம் ஆச்சுன்னு போர்டு அளக்கும், 58 மைக்ரோ செகண்டுக்கு ஒரு செ.மீ.ன்னு வகுத்தா தூரம் வந்துரும். யோசிச்சுப் பாத்தா அப்பா தட்டிப் பாத்ததும் சத்தம்தான் இதுவும் சத்தம்தான். ஒரே ஒரு விஷயம், சென்சார் 5 வோல்ட்ல பதில் சொல்லும், போர்டோட பின் 3.3 வோல்ட்டுக்குத்தான், அதனால நடுவுல ரெண்டு ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜக் கொறைக்கணும். நான் மொதல்ல போடாமத்தான் ஓட்டினேன், ஓடுச்சு, மூணு வாரம்.

அப்பறம் பாத்தா மத்தியானம் ஆனா டேங்குல தண்ணி தானா ஏறுது! யாரும் மோட்டார் போடல, ஆனா ஸ்கிரீன்ல ரெண்டு குடம் கூடுது, சாயங்காலம் மறுபடி கொறையுது. ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுக்கிட்டேன். வேற ஒண்ணுமில்ல, வெயில்தான். 20 டிகிரில சத்தம் செகண்டுக்கு 343 மீட்டர் போகும், ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் 0.6 மீட்டர் கூடும், கருப்பு டேங்குக்குள்ள மூடிக்குக் கீழ இருக்கற காத்து மத்தியானம் 45 டிகிரியத் தொட்டா சத்தம் 358 மீட்டர் வேகத்துல போயிட்டு சீக்கிரம் திரும்பி வந்துரும், என் கணக்குல தண்ணி கிட்ட இருக்கற மாதிரி தெரியும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு 4 செ.மீ. தப்பு. ஒரு சின்ன டெம்பரேச்சர் சென்சார் சேத்துக் கணக்க சரி பண்ணேன். அதுக்கப்பறம் உள்ள நீராவி பட்டு அல்ட்ராசோனிக்கே செத்துப்போச்சு, வாட்டர் ப்ரூஃப் மாடல் வாங்கினேன், அது 20 செ.மீ.க்கு உள்ள இருக்கறதப் பாக்காதுங்கறதால மூடிக்கு மேல ஒரு பிவிசி பைப் துண்ட நிறுத்தி அதுக்குள்ள தொங்க விட்டேன். ஹார்டுவேர் கதை இத்தோட போதும், பிரச்சனை எல்லாம் இதுக்கப்பறம்தான்.

வீட்ல இருக்கற போர்டுக்கு வெளில இருந்து நேரா பேச முடியாது. எங்க பிராட்பேண்ட்ல தனி ஐபி (இன்டர்நெட் முகவரி) கெடையாது, நூத்துக்கணக்கான வீடு ஒரே ஐபிக்குப் பின்னாடி உக்காந்திருக்கும். அதனால போர்டுதான் வெளிய கூப்பிடணும், கூப்பிட்டு லைன கட் பண்ணாம வச்சுக்கணும். அதுக்குத்தான் எம்க்யூடிடி, சின்னச் சின்ன மெசேஜ் அனுப்பற ஒரு முறை. 1999ல ஐபிஎம்ல இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் சேந்து எண்ணெய் குழாய்கள சேட்டிலைட் வழியா கண்காணிக்க எழுதினது, சேட்டிலைட்ல ஒவ்வொரு பைட்டுக்கும் காசுங்கறதால ரொம்ப சிக்கனம், மெசேஜுக்கு முன்னாடி போற ஹெடர் கொறஞ்சபட்சம் ரெண்டே பைட்டு. நடுவுல ஒரு புரோக்கர் உக்காந்திருக்கும், ஒருத்தர் ஒரு டாபிக்குல போடுவாரு, அந்த டாபிக் வேணும்னு சொன்னவங்களுக்கெல்லாம் போயிரும். நான் மாசவாடகைக்கு ஒரு குட்டி சர்வர் எடுத்து அதுல மஸ்கிட்டோன்னு ஒரு புரோக்கர போட்டு, பக்கத்துலயே ஒரு நோட்ஜேஎஸ் புரோகிராம் எழுதி, அங்கருந்து வெப்சாக்கெட்ல அம்மாவோட மொபைல் பிரவுசருக்கு அனுப்பினேன்.

வெப்சாக்கெட் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. சாதாரணமா பிரவுசர் கேட்டாதான் சர்வர் பதில் சொல்லும், கல்யாண வீட்ல சாப்பாட்டுப் பந்தி ஆரம்பிச்சாச்சா ஆரம்பிச்சாச்சான்னு சின்னப்பையன் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஓடி வந்து கேக்கற மாதிரி. வெப்சாக்கெட்ல மொதல்ல ஒரு தடவ சாதாரண எச்டிடிபியா கதவத் தட்டி, "மாறிக்கலாமா"ன்னு கேட்டு, சர்வர் 101னு பதில் சொன்னதும் அதே லைன் ரெண்டு பக்கமும் பேசற லைனா மாறிரும். 2011ல ஸ்டாண்டர்டா வந்தது. அதுக்கு முன்னாடி லாங் போலிங், காமெட்னு எத்தன குட்டிக்கரணம் போட்டாங்கன்னு அந்தக் காலத்து ஆளுங்களக் கேளுங்க. உண்மையச் சொன்னா தண்ணி மட்டத்தக் காட்ட மட்டும்னா வெப்சாக்கெட்டே வேணாம், சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ் போதும், அது ஒருவழிப்பாதை, லைன் அறுந்தா பிரவுசரே தானா திரும்பக் கூப்பிடும். மோட்டார் பட்டனும் வேணும்னு ஆசப்பட்டதாலதான் வெப்சாக்கெட்.

இங்க ஒரு தமிழ்ப்பற்று கதையும் இருக்கு. எம்க்யூடிடி டாபிக் பேரு எந்த மொழி எழுத்தும் எழுதக்கூடிய யூடிஎஃப்8 தானே, தமிழ்லயே வச்சா என்னன்னு "வீடு/மாடி/தொட்டி/மட்டம்"னு வச்சேன். தமிழ்ல ஒவ்வொரு குறியும் 3 பைட்டு, மொத்த டாபிக்கும் 63 பைட்டு, ரெண்டு பைட்டு ஹெடர்னு பெருமப்படற புரோட்டோகால் தலைல இத ஏத்தி வச்சேன். அது பரவால்ல. போர்டு அனுப்புது, புரோக்கர் லாக்ல தெரியுது, ஆனா நோட் புரோகிராமுக்கு வரவே இல்ல. ரெண்டு பக்கமும் பேரு ஒண்ணுதான், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன், எழுத்து பிசகல. கடைசில ஒவ்வொரு பைட்டா பிரிச்சுப் பாத்தா, தொட்டியோட ஒகரக் கொம்பு ஒரு பக்கம் ஒரே குறியா இருக்கு, இன்னொரு பக்கம் எகரக் கொம்பும் காலும் தனித்தனியா ரெண்டு குறியா இருக்கு, பழைய ஃபான்ட்ல இருந்து கன்வெர்ட் பண்ணின ஒரு ஃபைல்லருந்து காப்பி பண்ணதால. கண்ணுக்கு ரெண்டும் "தொ" தான். புரோக்கர் அதெல்லாம் பாக்காது, பைட்டுக்கு பைட்டு ஒத்துப்போனாதான் அதுக்கு ஒண்ணு, அத திருத்தக்கூடாதுன்னே ஸ்டாண்டர்ட்ல எழுதி வச்சிருக்காங்க. டாபிக்க மாத்தல, நான் பிடிவாதக்காரன், டைப் பண்ணதத்தான் மாத்தினேன்.

எல்லாம் ஓட ஆரம்பிச்சு, பெரிய நம்பர்ல 72 சதவீதம், பக்கத்துல பச்சப்புள்ளி போட்டு "கனெக்டட்". அம்மா ஃபோன்ல ஹோம் ஸ்கிரீன்ல வச்சுக் குடுத்துட்டு சென்னைக்குக் கிளம்பிட்டேன்.

பத்து நாள் கழிச்சு காலைல ஃபோன். "எழுவதுன்னு காட்டுது, தலைல சீயக்காயோட நிக்கறேன், குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல." நான் லேப்டாப்ப தொறந்து பாத்தேன், எழுவதுதான், பச்சப்புள்ளிதான். "எழுவது இருக்கேம்மா"ன்னேன். அதுக்கு அம்மா கேட்டதுதான் இந்தப் பதிவோட தலைப்பு. "ஏன்டா, இது இப்போ உள்ள தண்ணியா, அப்போ உள்ள தண்ணியா?"

முந்தின நாள் காலைல ரௌட்டர யாரோ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிருக்காங்க, போர்டு திரும்ப சேரல, நான் எழுதின லூப்ல தப்பு. ஆனா அதுவா விஷயம்? பச்சப்புள்ளி ஏன் பச்சையா இருந்துச்சு? ஏன்னா அது சொன்னது பிரவுசருக்கும் சர்வருக்கும் நடுவுல இருக்கற லைனப் பத்தி. அந்த லைன் ஜம்முனு இருந்துச்சு. டேங்குக்கும் சர்வருக்கும் நடுவுல இருக்கறது அறுந்து ஒரு நாள் ஆச்சு, அதப் பத்தி ஸ்கிரீன்ல ஒரு வார்த்தை இல்ல. நான் ஆபீஸ்ல கட்டின டாஷ்போர்டு எல்லாத்துலயும் இதே பச்சப்புள்ளிதான் வச்சிருக்கேன்னு அப்பதான் உறைச்சுது. கொஞ்சம் வேர்த்துச்சு.

நின்னுபோன கடிகாரம்னா முள்ளு நகரலன்னு பாத்தே கண்டுபிடிச்சிரலாம். 70ங்கற நம்பர் நகராம இருந்தா என்ன அர்த்தம்? யாரும் தண்ணி எடுக்கலன்னும் அர்த்தம், சென்சார் செத்துருச்சுன்னும் அர்த்தம், ரெண்டுக்கும் ஒரே முகம். நான் வேற ரொம்ப புத்திசாலித்தனமா மட்டம் மாறினா மட்டும் அனுப்புன்னு எழுதி வச்சிருந்தேன், டேட்டா மிச்சம் பண்றேன்னு. அதோட இன்னொரு கூத்து, ராத்திரி மட்டும் வெப்சாக்கெட் அறுந்து அறுந்து ஒட்டும், பகல்ல ஒண்ணும் இருக்காது. என்னன்னு பாத்தா சர்வர் முன்னாடி வாசக்காவலுக்கு என்ஜின்எக்ஸ் வச்சிருந்தேன், அது ஒரு லைன்ல 60 செகண்டு பேச்சே இல்லன்னா ஆள் போயிட்டாங்கன்னு கட் பண்ணிரும், அதோட டீஃபால்ட் அது. பகல்ல யாராவது குழாயத் தொறப்பாங்க, நம்பர் மாறும், லைன் பேசிக்கிட்டே இருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கிட்டா டேங்கும் சும்மா இருக்கும், அறுத்து விட்டுரும்.

சும்மா இருக்கறதுக்கும் செத்துப்போனதுக்கும் வித்தியாசம் தெரியணும்னா சும்மா இருக்கும்போதும் அப்பப்ப இருமிக் காட்டணும், திண்ணைல படுத்திருக்கற தாத்தா மாதிரி. போர்டு இப்போ 30 செகண்டுக்கு ஒரு தடவ மாறினாலும் மாறாட்டாலும் மட்டத்த அனுப்பும், சர்வர் 25 செகண்டுக்கு ஒரு தடவ இருக்கியான்னு பிங் விடும், பிரவுசர் தானா பாங் சொல்லும். எம்க்யூடிடில இதுக்குன்னே உயில் மாதிரி ஒண்ணு இருக்கு, லாஸ்ட் வில்னே பேரு: போர்டு கனெக்ட் ஆகும்போதே "நான் சொல்லாமக் கொள்ளாம போயிட்டா இந்த மெசேஜ எல்லாருக்கும் குடுத்துரு"ன்னு எழுதிக் குடுத்துரும். ஆனா புரோக்கருக்கு போர்டு செத்தது ஒடனே தெரியாது. கரண்ட் போனா போர்டு "வரேன்"னு சொல்லிட்டா போகும்? இவ்ளோ நேரத்துக்குள்ள ஒரு தடவயாவது பேசணும்னு வச்ச கீப் அலைவ் நேரத்துல ஒன்றரை மடங்கு பொறுத்துப் பாத்துட்டுத்தான் இறந்ததா அறிவிக்கும், 60 செகண்டு வச்சிருந்தா 90 செகண்டு. அந்த 90 செகண்டும் ஸ்கிரீன்ல இருக்கறது அப்போ உள்ள தண்ணிதான்.

அதனால ஸ்கிரீனயே மாத்தினேன். நம்பருக்குக் கீழயே "12 செகண்டு முன்னாடி"ன்னு ஓடும், ரெண்டு நிமிஷத்தத் தாண்டினா நம்பர் சாம்பல் கலராயிரும், பத்து நிமிஷத்தத் தாண்டினா நம்பரே இருக்காது, "தெரியல"ன்னு மட்டும் வரும். பச்சப்புள்ளியத் தூக்கிட்டேன். இதுலயும் ஒரு அடி வாங்கினேன், அப்பா ஃபோன்ல கடிகாரம் நாலு நிமிஷம் முன்னாடி ஓடுது, அவருக்கு மட்டும் எப்பவும் சாம்பல். இப்போ எத்தன செகண்டு பழசுன்னு சர்வரே சொல்லி அனுப்புது, ஃபோன் கடிகாரத்த நம்பறதில்ல. ஃபோன பாக்கெட்ல போட்டா பிரவுசரத் தூங்க வச்சிரும், எடுத்துப் பாத்தா மொத ரெண்டு செகண்டு பழைய நம்பர் அப்படியே நிக்கும், அதையும் பேஜ் கண்ணுக்குத் தெரிஞ்ச ஒடனே சாம்பலாக்கிட்டு புதுசு வந்தப்பறம் கலர் குடுக்கற மாதிரி பண்ணேன்.

இப்ப மோட்டார் கதைக்கு வரேன், மானம் போனது இதுலதான்.

போர்டு சொன்னா ஆன் ஆஃப் ஆகற ரிலே சுவிட்ச் வச்சு மோட்டார் ஸ்டார்ட்டர போர்டோட இணைச்சிருந்தேன், ஃபோன்ல ஆன் ஆஃப் பட்டன். பட்டன அமுக்கினா "ஆன்"னு ஒரு மெசேஜ் போகும், அத ரிட்டெயின்னு டிக் பண்ணி அனுப்பிருந்தேன், அதாவது புரோக்கர் கடைசி மெசேஜ ஞாபகம் வச்சுக்கிட்டு புதுசா யாரு வந்தாலும் குடுக்கும், பேஜ ரெஃப்ரெஷ் பண்ணாலும் பட்டன் சரியா தெரியட்டும்னு. டேங்க் 95 ஆனதும் சர்வர்ல இருக்கற புரோகிராம் "ஆஃப்" அனுப்பும். அந்த ஆஃப்ல ரிட்டெயின் போட மறந்துட்டேன். பாத்தீங்களா? மோட்டார் நிக்கும், ஆனா புரோக்கரோட ஞாபகத்துல கடைசியா இருக்கறது "ஆன்".

மார்கழி மாசம், ராத்திரி கரண்ட் போயிட்டு மூணு மணிக்கு வந்திருக்கு. போர்டு எழுந்துச்சு, புரோக்கர்கிட்ட போச்சு, புரோக்கர் பத்திரமா எடுத்து வச்சிருந்த "ஆன்"ன குடுத்துச்சு, மோட்டார் ஓட ஆரம்பிச்சிருச்சு. சரி 95 ஆனா சர்வர் நிறுத்தும்ல? நெட்டு மறுபடி போயிருச்சு. ஆஃப் சொல்ற ஆளு வேற ஊர்ல, மோட்டார் இங்க. சம்புல இருந்த தண்ணி பூரா மாடிக்கு ஏறி சந்து வழியா தெருவுக்கு வந்து, அஞ்சு மணிக்கு எதிர்வீட்டு அத்தை போட்டு முடிச்சு நடுவுல பூசணிப்பூ வச்ச கோலத்த அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அத்தை போட்ட சத்தத்துலதான் வீட்ல எழுந்திருக்காங்க. அடுத்த குழாய்த்தண்ணி வர நாலு நாள் இருந்துச்சு, அதுவரைக்கும் வீட்ல லாரித்தண்ணி.

அன்னிக்கே ரிட்டெயின எடுத்தேன், நிறுத்தற முடிவ போர்டுக்கே குடுத்தேன், 95 ஆனாலோ 25 நிமிஷம் ஓடினாலோ யாரையும் கேக்காம அதுவே நிறுத்திரும். டேங்குல ஒரு மிதவை சுவிட்ச்சும் போட்டாச்சு, சாஃப்ட்வேர் செத்தாலும் அது லைன அறுக்கும். முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

ஒரு மாசம் கழிச்சு ஞாயித்துக்கிழமை, வீட்ல கரண்ட் இல்ல, எனக்குத் தெரியாது. பட்டன அமுக்கறேன், ஒண்ணும் நடக்கல, மறுபடி அமுக்கறேன், மூணு தடவ அமுக்கிட்டு விட்டுட்டேன். சாம்பலா இருந்ததப் பாக்கவே இல்ல, பண்ணினவனே பாக்கல. கியூஓஎஸ் 1, செஷனயும் நிரந்தரமா வச்சிருந்தேன், அப்படின்னா போர்டு இல்லாதப்ப வந்த மெசேஜயெல்லாம் புரோக்கர் கியூல போட்டு வச்சு வந்ததும் குடுக்கும். ரிட்டெயின்ல இருந்து தப்பிச்சு இதுல மாட்டினேன். கரண்ட் இல்லாத நேரமாப் பாத்து அப்பா கீழ பைப்பக் கழட்டி வாஷர் மாத்திக்கிட்டு இருந்திருக்காரு. கரண்ட் வந்துச்சு, ஒரு மணி நேரம் பழைய "ஆன்" மூணும் வரிசையா வந்துச்சு, அப்பா தலையோட நனைஞ்சாரு. வேற ஏதாவது ஆகியிருந்தா? இப்போ மோட்டார் பக்கத்துல ஒரு தனி சுவிட்ச் இருக்கு, பைப்புல கை வைக்கறதுக்கு முன்னாடி அத ஆஃப் பண்ணணும்னு வீட்ல சட்டம்.

மட்டம்ங்கறது சேதி, பழசானாலும் கடைசியா என்னன்னு தெரிஞ்சா நல்லது, ரிட்டெயின் அதுக்குத்தான். "மோட்டாரப் போடு"ங்கறது கட்டளை, பால் மாதிரி, ஒடனே எடுத்துக்கல்லன்னா கொட்டிரணும். இப்போ ஒவ்வொரு கட்டளையோடயும் எப்ப சொன்னதுங்கற நேரம் போகும், பத்து செகண்டுக்கு மேல பழசுன்னா போர்டு தூக்கிப் போட்டுரும், செஷன்ல கியூ கெடையாது, நம்பர் சாம்பலா இருந்தா பட்டனே அமுங்காது. பட்டன் கலர் மாறறதும் நான் அமுக்கினதால இல்ல, "மோட்டார் ஓடுது"ன்னு போர்டு திருப்பிச் சொன்னாதான்.

இதெல்லாம் நான்தான் புதுசா கண்டுபிடிச்ச மாதிரி எழுதறேன், சிரிப்பா இருக்கு. 1980கள் ஆரம்பத்துலயே அமெரிக்கால கார்னகி மெலன் யூனிவர்சிட்டி கம்ப்யூட்டர் பசங்க கோக் மெஷின நெட்வொர்க்ல இணைச்சிருக்காங்க, கீழ வரைக்கும் நடந்து போயி காலியா இருந்தா வெறுப்பா இருக்குன்னு. அவங்க பாட்டில் இருக்கா இல்லையான்னு மட்டும் காட்டல. உள்ள வச்சு எவ்ளோ நேரமாச்சுன்னும் கணக்கு வச்சாங்க, மூணு மணி நேரம் ஆனாதான் அது சில்லுன்னு இருக்குன்னு காட்டும். கேம்பிரிட்ஜ்ல 1991ல இதே சோம்பேறித்தனத்துக்காக காபிப் பானைக்கு முன்னாடி கேமரா வச்சாங்க, அது உலகப் புகழ் ஆச்சு, 1993ல வெப்புக்கு வந்து 2001 வரைக்கும் ஓடுச்சு. எனக்கு என்னமோ கோக் மெஷின் பசங்கள்தான் கெட்டிக்காரங்கன்னு தோணுது. காபிப் பானைப் படம் உறைஞ்சுபோனா யாருக்குத் தெரியும், நிறைஞ்ச பானைய நம்பி கப்போட நடக்க வேண்டியதுதான்.

இன்னும் ஒண்ணு பாக்கி, சம்புக்கு ஒரு சென்சார் போடணும், கீழ தண்ணி இல்லாம மோட்டார் சும்மா சுத்தினா காயில் போயிரும். பொங்கலுக்குப் போகும்போது பண்ணணும். அத்தை வீட்டுக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸும் வாங்கணும்.

போன வாரம் மீட்டிங்ல இருக்கும்போது அம்மா ஃபோன். "நம்பர் சாம்பலாயிருச்சுடா, கரண்ட் போயிருச்சுன்னு நெனைக்கறேன், நான் கோயில்ல இருக்கேன். அப்பா மாவரைக்கணும்னு சொல்லிட்டு இருந்தாரு, அவர்கிட்ட சொல்லிரு."